கடை ஸ்கூட்டரின் பிரேக் ஷூ: நாமே மாற்றலாம்

சரக்கு ஏற்றும் லாரியாக இருந்தால் குறித்த காலத்தில் எஃப்.சி. காட்டியாக வேண்டும். பிரேக் சரியில்லை என்றால் சான்று கிடைக்காது. ஆனால் நம் கடை வாசலில் நிற்கும் ஸ்கூட்டரை யாரும் பரிசோதிப்பதில்லை. வாங்கிப் பதிவு செய்து 15 ஆண்டுகள் கழித்து, பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலை அது மீண்டும் மிதிக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அதற்கு எஃப்.சி. கொடுக்க வேண்டியவர் கடைக்காரராகிய நாம்தான்.

வீட்டு ஸ்கூட்டருக்கும் கடை ஸ்கூட்டருக்கும் பெயர் ஒன்றே தவிர வேலை ஒன்றல்ல. காலையில் பள்ளிக்கும் மாலையில் கோயிலுக்கும் போய்வரும் வண்டியில் ஏறுபவர்கள் இருவர். கடை வண்டியிலோ முன்னால் 25 கிலோ அரிசிப் பை, பின்னால் எண்ணெய் டின், ஹேண்டிலில் இரண்டு பை. கடைவீதிக்குள் பத்தடிக்கு ஒரு பிரேக். வீட்டு வண்டியில் வெகுகாலம் வரும் பிரேக் ஷூ கடை வண்டியில் அதில் பாதிகூடத் தாங்குவதில்லை. வாங்கும்போது மெக்கானிக் சொன்ன கிலோமீட்டர் கணக்கை நம்பிக்கொண்டு நாம் இருந்துவிடுகிறோம்.

அப்படி இருந்துவிட்டதனால் நேர்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். 2013ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம். நம் கடையில் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பி இரண்டு முறை வந்து சொன்னான், "அண்ணாச்சி, வண்டியில பிரேக் பிடிக்க மாட்டேங்குது." நாம் தராசை விட்டுத் தலையைத் தூக்காமலே, "நட்டைக் கொஞ்சம் முறுக்கிக்கோ தம்பி, தீபாவளி முடியட்டும்" என்றோம். அவனும் முறுக்கிக்கொண்டான். மூன்றாம் நாள், இரண்டு எண்ணெய் டின்னோடு ரயில்வே மேம்பாலத்து இறக்கத்தில் இறங்கும்போது முன்னால் போன ஆட்டோ நின்றுவிட்டது. இவன் பிரேக்கைப் பிடித்தான். லீவர் ஹேண்டில் பிடியைத் தொட்டதே தவிர வண்டி நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டிருந்தான். வைத்தியச் செலவையும் சம்பளத்தையும் நாம் கொடுத்தோம். அவன் தாயார் ஆஸ்பத்திரியில் நம்மை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு செட் பிரேக் ஷூவின் விலை அன்றைக்கு ஒரு டின் எண்ணெயின் விலையில் கால் பங்குகூட இல்லை.

அதன் பிறகுதான், நமக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டோம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்கே கைவந்தது என்றால் மற்றவர்களுக்குக் கடினமில்லை.

நட்டை முறுக்கினால் ஏன் போதாது?

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு டிரம் பிரேக்தான். சக்கரத்தின் நடுவில் சட்டிபோல் குழிந்திருப்பது டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் எதிரெதிரே இருக்கும். அவற்றின் முதுகில் ஒட்டியிருக்கும் பட்டைக்குப் பெயர் லைனிங். ஷூக்களின் ஒரு முனை நிலையான ஒரு பின்னில் ஊன்றியிருக்கும். மறு முனைகளுக்கு நடுவே கேம் எனப்படும் தட்டையான இரும்பு படுத்திருக்கும். நாம் லீவரை இழுத்தால் கேபிள் கேமைத் திருப்புகிறது. படுத்திருந்த கேம் நிமிர்கிறது. நிமிரும்போது ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. கையை எடுத்தால் ஸ்பிரிங் ஷூக்களைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது.

லைனிங் தேயத் தேய, கேம் அதிகம் திரும்பினால்தான் ஷூ டிரம்மைத் தொடும். வெளியே உள்ள நட்டை முறுக்கும்போது கேபிளின் தொய்வைத்தான் எடுக்கிறோம். தேய்ந்த லைனிங் வளர்வதில்லை. அரிசி குறையக் குறைய மூட்டையின் வாயைக் கீழே இறக்கிக் கட்டுவது போன்றது இது. பார்வைக்கு மூட்டை இறுக்கமாகத்தான் இருக்கும். எடை போட்டால்தான் தெரியும். ஒரு கட்டத்தில் கேம் முழுதும் நிமிர்ந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு இழுத்தாலும் ஷூ விரியாது. சில சமயம் நிமிர்ந்த கேம் திரும்பிப் படுக்காமல் சக்கரத்தைப் பூட்டிக்கொள்வதும் உண்டு. நம் தம்பியின் வண்டியில் கேம் இந்த நிலைக்கு வந்திருந்தது என்று பிறகு கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது.

சரக்கு ஏற்றினால் ஏன் பிரேக்கின் குறை பெரிதாகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வண்டி சுமார் 110 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ, ஆக 175. மூன்று அரிசிப் பை ஏற்றினால் 250. நிறுத்த வேண்டிய சுமை நூற்றுக்கு நாற்பதுக்குமேல் கூடிவிட்டது. வேகம் இன்னும் மோசம். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதைக் காட்டிலும் 40இல் போகும் வண்டியை நிறுத்த நான்கு மடங்கு வேலை செய்தாக வேண்டும். இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அத்தனையும் சூடாக மாறி அந்தச் சிறிய லைனிங் பட்டையில்தான் இறங்குகிறது.

மாற்றும் காலம் வந்ததா?

பல வண்டிகளில் இதைக் கழற்றாமலே பார்க்கலாம். கேபிள் வந்து சேரும் பிரேக் கையின் அடியில் சிறிய அம்புக்குறி ஒன்று இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடித்துக்கொண்டு, அருகில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அம்பு, பிளேட்டில் பொறித்துள்ள அடையாளத்துக்கு நேராக வந்துவிட்டால் லைனிங் தீர்ந்தது என்று பொருள். இந்த அம்பு இருப்பதே பல வண்டிக்காரர்களுக்குத் தெரியாது. நமக்கும் பல ஆண்டுகள் தெரியாது. அம்பு இல்லாத பழைய வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பொதுவாக லைனிங் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிடுவது நல்லது. நட்டு முறுக்கும் மரை தீரும் நிலைக்கு வந்தாலும், பிடிக்கும்போது இரும்பு உரசும் ஒலி கேட்டாலும் அதற்குமேல் ஒரு நாளும் சரக்கு ஏற்றக் கூடாது.

சரக்கு பார்த்து வாங்குதல்

துவரம் பருப்பை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தே ரகம் சொல்லும் நமக்கு உதிரிப்பாகக் கடையில் மட்டும் ஏன் கண் தெரியாமல் போகிறது என்று நாம் யோசித்ததுண்டு. பிரேக் ஷூவில் போலிச் சரக்கு தாராளமாக வருகிறது. வண்டிக் கம்பெனியின் அசல் பாகமோ, பெயர் பெற்ற பிரேக் லைனிங் தயாரிப்பாளரின் பாகமோ கேட்டு, பில்லோடு வாங்குங்கள். பெட்டியில் பாக எண், விலை, தயாரித்த மாதம் எல்லாம் அழுத்தமாக அச்சாகியிருக்கிறதா பாருங்கள். பெட்டியைத் திறந்து லைனிங்கின் விளிம்பை நகத்தால் கீறினால் பொடியாக உதிரக் கூடாது. லைனிங்குக்கும் உலோகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளியும் இருக்கக் கூடாது. ஓடும்போது லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயருள்ள வண்டிக்கே இரண்டு மூன்று அளவு வந்திருக்கிறது. ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்டாக வாங்குவது உத்தமம்.

கழற்றுதல்

கடை விடுமுறை நாளில், அவசரமில்லாமல், சமதளத்தில், காற்றோட்டமான இடத்தில் வேலையைத் தொடங்குங்கள். முதல் முறை அரை நாள் ஆகும். ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர், திருப்புளி, கட்டிங் பிளேயர், உப்புத்தாள், சிறிது கிரீஸ், பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். கழற்றும் நட்டுகளைப் போட ஒரு பழைய தட்டு வைத்துக்கொண்டு, கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வையுங்கள்.

முன்சக்கரம் எளிது, அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சேசிஸின் கீழ்க் குழாய்க்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி செய்யுங்கள். வண்டி ஆடாமல் நிற்கிறதா என்று தள்ளிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பிரேக் நட்டைத் தளர்த்தி, கேபிளைக் கழற்றுங்கள். கிலோமீட்டர் மீட்டரின் கேபிள் சக்கரத்துக்கு வருகிற வண்டியானால் அதையும் கழற்ற வேண்டும். பிறகு ஆக்ஸில் நட்டைக் கழற்றி, ஆக்ஸிலை உருவினால் சக்கரம் இறங்கிவிடும். சக்கரத்திலிருந்து பிரேக் பிளேட்டைத் தனியே இழுத்து எடுக்கலாம்.

பிளேட்டைத் திறந்தவுடன் உள்ளே கறுப்புத் தூள் குவிந்திருக்கும். வாயால் ஊதித் தள்ளுவது எல்லோர்க்கும் வழக்கம். தயவுசெய்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது வழக்கமாக இருந்தது. அந்த இழை நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் உறுதியாகச் சொல்லியிருப்பது. எந்த லைனிங்கில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் சொல்ல முடியாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஈரத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

ஷூவைக் கழற்றுவதற்கு முன் ஸ்பிரிங்குகளின் கொக்கி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனியுங்கள். பேரனிடம் செல்போன் இருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லலாம். பிறகு இரண்டு ஷூக்களையும் இரு கைகளால் பிடித்து, புத்தகத்தை மூடுவதுபோல் மேல்நோக்கி மடித்தால் ஸ்பிரிங் தளர்ந்து, இரண்டும் சேர்ந்தே வெளிவரும்.

இப்போது பலரும் செய்யும் தவறு, பழையதை எடுத்துப் புதியதை உடனே போட்டு மூடிவிடுவது. கேமைப் பாருங்கள். மழைத் தண்ணீரும் தூளும் சேர்ந்து கேம் தண்டு துருப்பிடித்து இறுகியிருந்தால், புது ஷூ போட்டாலும் பிரேக் கல்லாக இருக்கும், விட்டால் திரும்பாது. பிரேக் கையும் தண்டும் சேரும் இடத்தில் இரண்டு புள்ளி அடையாளம் இருக்கிறதா பார்த்து, இல்லையென்றால் ஆணியால் கீறி வைத்துக்கொண்டு, தண்டை உருவித் துடைத்து உப்புத்தாளால் தேய்த்து, மெல்லியதாகக் கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். ஊன்றும் பின்னுக்கும் கேம் முகத்துக்கும் விரல் நுனியளவு கிரீஸ் போதும். அதிகம் தடவினால் சூட்டில் உருகி லைனிங்குக்குப் போய்விடும். லைனிங்கில் கிரீஸோ எண்ணெயோ பட்டால் அந்த ஷூ அத்தோடு சரி. பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எண்ணெய் உள்ளே ஊறியிருக்கும்.

டிரம்மின் உட்சுவரையும் துடைத்து, பளபளப்பு மங்கும் அளவுக்கு உப்புத்தாளால் தேயுங்கள். விரலை ஓட்டினால் ஆழமான வரிப்பள்ளம் தட்டுப்பட்டால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பல வண்டிகளில் டிரம்மின் உச்ச அளவு உள்ளேயே பொறித்திருக்கும். 130 மில்லிமீட்டர் டிரம் 131ஐத் தாண்டித் தேய்ந்தால் புது ஷூ போட்டும் பயனில்லை.

பூட்டுதல்

புது ஷூக்களில் ஸ்பிரிங்குகளை மாட்டி, முன்போல் மடித்துப் பிடித்து, முனைகளைப் பின்னிலும் கேமிலும் பொருத்தி, அழுத்தினால் தட்டென்று உட்கார்ந்துவிடும். விரல் நசுங்கும், ஜாக்கிரதை. லைனிங்கைக் கையால் தடவிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். கையில் கிரீஸ் இருக்கும்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையிலேயே உயிர்நிலை. பிரேக் பிளேட்டில் ஒரு பள்ளம் இருக்கும். வண்டியின் ஃபோர்க்கில் அதற்கு ஏற்ற முளை இருக்கும். சில வண்டிகளில் பள்ளம் ஃபோர்க்கிலும் முளை பிளேட்டிலும் இருக்கும். சக்கரத்தை ஏற்றும்போது முளை பள்ளத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்காராமல் பூட்டினால் வண்டி ஓடுவது போலத்தான் ஓடும். முதல் முறை அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது பிளேட்டே சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, கேபிளை அறுத்து, சக்கரத்தைப் பூட்டிவிடும். ஆகவே ஆக்ஸிலைச் செருகியபின் ஒருமுறை, நட்டை இறுக்கியபின் ஒருமுறை, குனிந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். ஆக்ஸில் நட்டை முழுதும் இறுக்குவதற்கு முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்து, பிடித்தபடியே நட்டை இறுக்கினால் ஷூக்கள் டிரம்முக்கு நடுவில் சரியாக அமையும். காட்டர் பின் உள்ள வண்டியானால் பழையதை நிமிர்த்திப் போடாமல் புதுப் பின் போடுங்கள்.

பிரேக் நட்டைச் சரிசெய்யும்போது, அதன் வளைந்த பள்ளம் பிரேக் கையின் உருண்டைப் பின்னில் பதிந்து உட்கார வேண்டும். லீவரின் நுனி எவ்வளவு தூரம் வெறுமனே அசையலாம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ஏறத்தாழ ஒரு விரற்கடை. சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுக்கமாக வைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று எண்ணி இறுக்கினால், ஓட்டத்திலேயே உரசிச் சூடேறி, புது லைனிங் கருகிவிடும்.

பின்சக்கரத்துக்குப் பொறுமை அதிகம் வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பலவற்றில் சைலன்சரைக் கழற்றாமல் சக்கரம் வராது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொடுங்கள். சைலன்சர் சேரும் இடத்தில் உள்ள வளையம் நசுங்கியிருந்தால் புதியது போடுங்கள். ஆக்ஸில் நட்டு மிக இறுக்கமாக இருக்கும்; ஒருவர் பின்பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நீண்ட பிடியுள்ள ஸ்பேனரால் திருப்ப வேண்டும். சக்கரத்தை நேராக இழுத்தால் டிரம்மோடு வந்துவிடும். ஷூக்கள் எஞ்சின் பக்கத்திலேயே நிற்கும். அங்கே எண்ணெய்க் கசிவு தெரிந்தால் மேலே போகாதீர்கள். கியர் ஆயில் சீல் போயிருக்கிறது. சீல் மாற்றாமல் ஷூ மாற்றினால் ஒரே வாரத்தில் புது ஷூவும் நனைந்துவிடும். பழைய சேட்டக் வகை வண்டிகளில் சக்கரம் தனி, டிரம் தனி. அந்தக் காலத்தில் ஸ்டெப்னி மாற்றியவர்களுக்குச் சக்கரம் கழற்றுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரம்மை எடுக்க மட்டும் நடுநட்டைக் கழற்ற வேண்டும்.

பின் ஆக்ஸில் நட்டு இத்தனை இறுக்கம் என்று அளவு உண்டு. அதை அளந்து இறுக்கும் கருவி வீட்டில் இருக்காது. ஆகவே பூட்டி முடித்ததும் மெதுவாக ஓட்டிப்போய்ப் பக்கத்து மெக்கானிக்கிடம் அந்த நட்டை மட்டும் சரிபார்க்கச் சொல்வது நம் வழக்கம். இதில் வெட்கமில்லை.

2019 ஏப்ரலுக்குப் பின் விற்கப்படும் 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில் சி.பி.எஸ். எனப்படும் இணைப்பு பிரேக்கோ ஏ.பி.எஸ்.ஸோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் சி.பி.எஸ்.தான். இடது லீவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். இவற்றில் ஒரு பக்கம் ஷூ மாற்றினால் இரு பக்கமும் கையேட்டின்படி சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் முன்சக்கரம் முந்திக்கொண்டு பிடித்து மணலில் சறுக்கும்.

டிஸ்க் பிரேக் உள்ளவர்களுக்கு

முன்பக்கம் டிஸ்க் உள்ள வண்டியில் ஷூவுக்குப் பதில் இரண்டு பேட் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தேய்மானக் கோடு தெரியும். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். காலிப்பரின் போல்ட்டுகளையும் பேட் பின்னையும் கழற்றினால் போதும். காலிப்பர் கழன்றிருக்கும்போது லீவரைத் தொடக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். புது பேட் கனமாக இருப்பதால் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ள வேண்டும். அப்போது மேலே உள்ள கிண்ணத்தில் பிரேக் ஆயில் ஏறும். வழிந்து பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். எல்லாம் பூட்டியபின் வண்டியை நகர்த்துவதற்கு முன் லீவரைப் பல முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். முதல் சில அழுத்தங்களில் பிரேக் இருக்கவே இருக்காது. பிறகுதான் கைக்கு இறுக்கம் வரும். இதை மறந்து தெருவுக்கு வந்து சுவரில் மோதியவர்கள் உண்டு. லீவர் பஞ்சுபோல் அமுங்கிக்கொண்டே இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. அதை எடுப்பது மெக்கானிக் வேலை.

மாற்றிய அன்றே மூட்டை ஏற்றக் கூடாது. புது லைனிங் டிரம்மின் வளைவுக்குத் தகுந்தபடி தேய்ந்து படிய 100, 200 கிலோமீட்டர் ஆகும். அதுவரை பாதிச் சுமை, மிதமான வேகம், மெல்லிய பிரேக். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கி ஏறினால், லேசாகப் பிரேக்கைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்திக்கொள்ள வேண்டும். நனைந்த லைனிங் பிடிக்காது.

நம் கடைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஸ்கூட்டருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், வாங்கிய கடை, விலை. மாதம் ஒரு ஞாயிறு அம்புக்குறியைப் பார்த்து அதில் எழுதுகிறவன் அதே தம்பிதான். மழைநாளில் தோள் வலிக்கிறது என்பான். அன்று டின் தூக்க வேறு ஆளை அனுப்புகிறோம்.